ஒளி தவறிய படங்களை மென்பொருளில் மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளி போதாமல் இருண்டுபோன படங்களையும், ஒளி மிகுந்து வெளுத்துப்போன படங்களையும் கணினியில் சரிசெய்ய முயல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எந்த மென்பொருளைத் திறந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் பதிவானதை வெளியே கொண்டுவரலாம், பதிவாகாததைக் கொண்டுவர முடியாது. எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்துவது என்று யோசிப்பதற்கு முன், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இருண்ட படம், வெளுத்த படம்: இரண்டில் எதை மீட்பது எளிது?

பெரும்பாலும் இருண்ட படத்தைத்தான். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும், தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்துவைக்கும் ஒரு சிறு தொட்டியாக எண்ணிக்கொள்ளலாம். தொட்டி நிரம்பிய பிறகு எவ்வளவு ஒளி வந்து விழுந்தாலும் அதன் அளவு கூடாது. வெண்மேகத்தின் மடிப்புகளும் வெள்ளைச் சட்டையின் நெசவும் ஒரே உச்ச எண்ணாகப் பதிவாகிவிட்டால், அவற்றுக்கு இடையே இருந்த வேறுபாடு ஷட்டர் மூடிய அந்த நொடியிலேயே அழிந்துவிடுகிறது. இருண்ட பகுதியில் நிலைமை வேறு. அங்கே விழுந்த ஒளி குறைவு என்றாலும் வேறுபாடுகள் சிறிய எண்களாக உள்ளே கிடக்கின்றன. அவற்றைப் பெருக்கினால் உருவம் தெளியும், கூடவே நாய்ஸ் எனப்படும் புள்ளிக் கலங்கலும் பெருகும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கைச் சொல்லலாம். ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இரு மடங்காவதையோ பாதியாவதையோ குறிக்கும். ஆகவே 2 ஸ்டாப் தூக்குவது என்றால் 4 மடங்கு பெருக்குவது, 3 ஸ்டாப் என்றால் 8 மடங்கு. குறைந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) எடுத்த ரா கோப்பு, அதாவது சென்சார் அளந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு, 2 ஸ்டாப் தூக்கலைப் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போவது சென்சாரின் அளவையும் வயதையும் பொறுத்தது. வெளுத்த பக்கத்தில் அத்தகைய தாராளம் கிடையாது. ரா கோப்பாக இருந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்காக இருந்தால் அதுவும் அரிது.

எது மீளும், எது மீளாது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது ஓரம் முழுக் கருப்பு, வலது ஓரம் முழு வெள்ளை. இடையே எந்தப் பிரகாச அளவில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதே அந்த மலை வடிவம். மலை முழுவதும் இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தாலும், சரிவு ஓரச் சுவரைத் தொடுமுன் தரையிறங்கிவிட்டால் படம் இருட்டாக இருக்கிறதே தவிர இழப்பு ஏதும் இல்லை. மாறாக, மலை சுவரில் மோதி ஒரு செங்குத்துக் கோடாக எழும்பி நின்றால், அந்தக் கோட்டுக்குள் அடங்கிய பிக்சல்களில் வேறுபாடுகள் நசுங்கிவிட்டன என்று பொருள். இதையே கிளிப்பிங் என்கிறோம்.

கிளிப்பிங் படத்தில் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ரா கோப்புகளைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் டெவலப் பகுதியில் ‘ஜே’ விசையை அழுத்தினால் வெளுத்த இடங்கள் சிவப்பாகவும் கருத்துப்போன இடங்கள் நீலமாகவும் காட்டப்படும். ஃபோட்டோஷாப்பின் லெவல்ஸில் ஆல்ட் விசையை, மேக் கணினியானால் ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு ஓரத்து முக்கோணத்தை நகர்த்தினால், எந்தெந்த நிறச் சேனல் (சிவப்பு, பச்சை, நீலம்) எங்கெங்கே முட்டுகிறது என்று தனித்தனியாகத் தெரியும். சூரியனின் வட்டமோ, எரியும் விளக்கோ, உலோகத்தில் மின்னும் ஒளிப்பொட்டோ வெளுத்திருந்தால் கவலைப்பட வேண்டாம். அவை வெளுத்தே இருக்க வேண்டியவை. நெற்றியும் கன்னமும் வெளுத்திருந்தால்தான் கவலை.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேமராவின் பின்திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம், ரா கோப்பாகவே எடுத்தாலும், அதற்குள் வைக்கப்பட்டிருக்கும் ஜேபெக் முன்காட்சியிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே பின்திரையில் வெளுத்ததாக மினுக்கும் வானத்தில், ரா கோப்பைக் கணினியில் திறந்து பார்க்கும்போது சற்று உயிர் இருக்கலாம். அந்த மினுக்கலை மட்டும் நம்பிப் படத்தை அங்கேயே அழித்துவிடாதீர்கள்.

ரா கோப்புக்கும் ஜேபெக்குக்கும் உண்மையில் அவ்வளவு வேறுபாடா?

ஆம், மீட்பு வேலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு இதுதான். எண்களோடு பார்த்தால் ஏன் என்பது விளங்கும். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு பிக்சலும் 16,384 படிகளில் ஒன்றாக அளக்கப்படுகிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் அளப்பதால், மிகப் பிரகாசமான முதல் ஸ்டாப்புக்கே பாதிப் படிகள், அதாவது 8,192, போய்விடுகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்து 2,048 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, உச்சியிலிருந்து 6ஆவது ஸ்டாப்பில் 256 படிகள் மிஞ்சுகின்றன. அதே ஆழத்து நிழலுக்கு, சாதாரண எஸ்ஆர்ஜிபி முறையில் எழுதப்பட்ட ஜேபெக்கில் கிடைப்பது சுமார் 16 படிகள்தாம். 16 படிகளை இழுத்து நீட்டி ஒரு முகத்தின் மென்மையான சாய்வு நிழலைக் காட்டச் சொன்னால், சாய்வுக்குப் பதிலாகப் பட்டை பட்டையாகப் படிக்கட்டுதான் தெரியும்.

அதோடு, ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. இருட்டில் கண் கவனிக்காது என்பது சரியான கணிப்புதான். ஆனால் நாம் பிறகு அந்த இருட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது, கழிக்கப்பட்ட கட்டங்களின் விளிம்புகள் ஓடு பதித்த தரைபோலக் கண்ணில் படுகின்றன. ஒயிட் பேலன்ஸும் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சமன்செய்வது) கான்ட்ராஸ்ட்டும் ஜேபெக்கில் ஏற்கெனவே கலந்து இறுகிவிட்டவை. ரா கோப்பில் அவை வெறும் குறிப்புகள், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

ரா கோப்புகளுக்கு லைட்ரூம், ஃபோட்டோஷாப்புடன் வரும் கேமரா ரா, கேப்ச்சர் ஒன் ஆகியவை கட்டணம் செலுத்திப் பெறுபவை. டார்க்டேபிள், ரா தெரப்பி ஆகியவை இலவசமானவை, திறமூல மென்பொருள்கள். ஜேபெக்குக்கும், திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வேலைக்கும் ஃபோட்டோஷாப் அல்லது இலவசமான கிம்ப் போதும். 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப்பில் 8 பிட்டுக்கு மேற்பட்ட துல்லியத்திலும் வேலை செய்யலாம். டார்க்டேபிளைக் கற்றுக்கொள்ளக் கூடுதல் பொறுமை வேண்டும் என்பது என் அனுபவம். ஆனால் மீட்பு வேலைக்கு அதன் டோன் ஈக்வலைசர் கருவி அளிக்கும் கட்டுப்பாடு அந்தப் பொறுமைக்குத் தகுந்தது.

இருண்ட படத்தை எந்த வரிசையில் திருத்துவது?

என்னிடம் உள்ள ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு மூதாட்டி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். கேமரா ஜன்னலின் வெளிச்சத்தை அளந்துவிட்டதால் ஜன்னல் சரியாகவும் அவர் வெறும் நிழலுருவாகவும் பதிவாகியிருந்தார். ஹிஸ்டோகிராமில் இடப்பக்கம் ஒரு பெருங்குவியல், வலப்பக்கம் ஜன்னலுக்கான ஒரு சிறு குன்று, நடுவே பள்ளத்தாக்கு. இடச்சுவரில் எதுவும் மோதவில்லை என்பதைப் பார்த்ததும்தான் இதில் வேலை செய்யலாம் என்று தோன்றியது.

முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்தேன். நிறம் தவறாக இருக்கும்போது பிரகாசத்தைக் கண் தவறாகவே எடைபோடும். அடுத்து எக்ஸ்போஷரை முகத்தை மட்டும் பார்த்து 1.7 ஸ்டாப் உயர்த்தினேன். ஜன்னல் வெளுத்தது, அதை அப்போதைக்குப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டு, பிறகு பிரகாசப் பகுதிகளுக்கான ஹைலைட்ஸை 60 அளவுக்கு இறக்கியதும் ஜன்னல் கம்பிகள் மீண்டும் தெரிந்தன. நிழல்களுக்கான ஷேடோஸை 30 மட்டும் ஏற்றினேன். அதை 100 வரை தள்ளுவது எளிது. அப்படித் தள்ளினால் நிழல் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் தட்டையாகி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற உணர்வே போய்விடும். அந்த நிழல்தான் அந்தப் படத்தின் வெளிச்சத்துக்குச் சாட்சி. ஆகவே கடைசியாக, கருப்புக்கான பிளாக்ஸை 12 அளவுக்கு இறக்கி, நாற்காலியின் அடியில் ஓரிடமாவது உண்மையான கருப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கருப்பு என்று ஓரிடம் இருந்தால்தான் மற்ற இடங்களின் வெளிச்சம் வெளிச்சமாகத் தோன்றும்.

100 விழுக்காடு அளவில் பெரிதாக்கிப் பார்த்தபோது, கன்னத்தின் சுருக்கங்கள் தெளிவாக இருந்தன. கண்ணாடியின் விளிம்பில் ஜன்னலின் ஒரு சிறு கீற்று மின்னியது. தாடைக்குக் கீழே பச்சையும் ஊதாவும் கலந்த புள்ளிகள் நிறைந்திருந்தன. நிற நாய்ஸை நீக்கும் ஸ்லைடரை 30 வரை உயர்த்தியதும் அந்தப் புள்ளிகள் அடங்கின. பிரகாச நாய்ஸைக் குறைக்கும் ஸ்லைடரை 10க்கு மேல் ஏற்றவில்லை, ஏற்றினால் சுருக்கங்களும் சேர்ந்து மெழுகாகிவிடும். எஞ்சிய மணல்போன்ற துகள்களைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை.

படத்தைத் தூக்கியதும் புள்ளிகள் ஏன் வருகின்றன? கேமராவின் குறையா?

பெரும்பகுதி ஒளியின் இயல்பே. ஒளி ஃபோட்டான் துகள்களாக ஒழுங்கின்றி வந்து விழுகிறது. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் பிக்சலில் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு, அதாவது 1 விழுக்காடு இருக்கும். 100 ஃபோட்டான்களே விழும் இருண்ட பிக்சலில் அந்த ஏற்றத்தாழ்வு 10. ஆனால் 100இல் 10 என்பது 10 விழுக்காடு. பிக்சலுக்குப் பிக்சல் தெரியும் இந்த வேறுபாடுதான் நாம் காணும் புள்ளிகள். இதனோடு, மின்னூட்டத்தை அளந்து எண்ணாக மாற்றும் சுற்றின் சிறு பிழையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே எடிட்டிங் நாய்ஸை உண்டாக்குவதில்லை, இருட்டில் மறைந்திருந்ததைக் காட்டுகிறது. எடுக்கும்போதே கூடுதல் ஒளியைச் சேர்ப்பது ஒன்றே இதற்கு முழுத் தீர்வு.

தூக்கிய நிழல்களில் ஊதா நிறம் படர்கிறதே, ஏன்?

சென்சாரில் எது சுழியம், எது கருப்பு என்பதை ஒரு குறிப்பிட்ட அளவைக் கழித்துத்தான் மென்பொருள் முடிவுசெய்கிறது. அந்த அளவில் சிறு பிழை இருந்தாலும், ஒயிட் பேலன்ஸுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பச்சையைவிட அதிகமாகப் பெருக்கும்போது பிழையும் அதே விகிதத்தில் பெருகுகிறது. சிவப்பும் நீலமும் மிகுந்தால் கிடைப்பது ஊதா. 3, 4 ஸ்டாப் தூக்கிய படங்களில் இது அடிக்கடி தலைகாட்டும். லைட்ரூமின் கேலிப்ரேஷன் பகுதியில் ஷேடோஸ் டின்ட் ஸ்லைடரைச் சற்றுப் பச்சைப் பக்கம் நகர்த்துவதும், நிழல் பகுதியில் மட்டும் நிறச்செறிவைக் குறைப்பதும் பெரும்பாலான படங்களுக்குப் போதுமானவை. அப்படியும் போகவில்லையென்றால் அந்த நிழலை ஒரு ஸ்டாப் குறைத்தே வைத்துவிடுவது நல்லது.

வெளுத்துப்போன வானத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

மூன்று நிறங்களும் முட்டிவிட்டனவா, ஒன்றிரண்டு மட்டும் முட்டினவா என்பதைப் பொறுத்தது. பகல் வெளிச்சத்தில் சென்சாரின் பச்சைப் பிக்சல்கள்தாம் பெரும்பாலும் முதலில் நிரம்புகின்றன. சிவப்பிலும் நீலத்திலும் இன்னும் இடம் இருக்கும். ரா மென்பொருள்கள் நிரம்பாத நிறங்களில் உள்ள வேறுபாடுகளைக் கொண்டு நிரம்பிய நிறத்தை ஊகித்து நிரப்புகின்றன. மேகத்தின் வடிவம் திரும்ப வருவது இவ்வாறுதான். மூன்றுமே நிரம்பிய இடத்தில் ஊகிக்கவும் ஆதாரம் இல்லை. அங்கே ஹைலைட்ஸை எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர மேகம் வராது. அழுக்கான சாம்பல் வானத்தைவிடத் தூய வெள்ளை வானமே மேல் என்பது என் தீர்மானம். ஆகவே அத்தகைய படத்தில் ஹைலைட்ஸை இழுத்துப்பிடிக்காமல் வெள்ளையை வெள்ளையாகவே விட்டுவிடுவேன்.

முகங்களில் வேறொரு சிக்கல் உண்டு. தோலின் நிறத்தில் சிவப்பே மிகுதியாதலால், முடிக்கப்பட்ட படத்தில் சிவப்புச் சேனல் முதலில் முட்டுகிறது. அதன்பின் பச்சை மட்டும் ஏறுவதால் நெற்றியில் மஞ்சள் திட்டு விழுகிறது. மறையும் சூரியனைச் சுற்றிச் செம்மைக்குப் பதில் மஞ்சள் வளையம் தெரிவதற்கும் இதுவே காரணம். இதற்கு எக்ஸ்போஷரை இறக்குவதோடு, அந்தத் திட்டின்மேல் மட்டும் அருகிலுள்ள நல்ல தோலின் நிறத்தை எடுத்து, கலர் பிளெண்ட் முறையில் ஒரு தனி லேயரில் மிக மெல்லிதாகத் தீட்டலாம். பிரகாசத்தை மாற்றாமல் நிறத்தை மட்டும் சேர்க்கும் முறை அது.

ஒரே படத்தில் ஒரு பாதி இருட்டு, மறு பாதி வெளுப்பு என்றால்?

படம் முழுவதுக்கும் ஒரே திருத்தம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இது புதிய சிக்கலும் அல்ல. 1850களில் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்ததால், கடலுக்குச் சரியான ஒளியளவு கொடுத்தால் வானம் வெளுத்துவிடும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அச்சிடும்போது இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்தார். இன்று லேயரும், அதன் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதை வரையறுக்கும் மாஸ்க்கும் செய்வது அதே வேலையை. இருட்டறையில் அச்சுத்தாளின் ஒரு பகுதியைக் கையால் மறைத்து வெளுப்பாக்குவதை டாட்ஜ் என்றும், கூடுதல் ஒளி விழவிட்டுக் கருமையாக்குவதை பர்ன் என்றும் சொன்னார்கள். அந்தப் பெயர்களே மென்பொருள் கருவிகளுக்கும் நிலைத்துவிட்டன.

செய்முறை இதுதான்: பிரகாசத்தை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் லேயர் ஒன்றை முகத்துக்காக உயர்த்தி, அதன் மாஸ்க்கை முழுக் கருப்பாக்கி மறைத்துவிட்டு, விளிம்பு மென்மையான பெரிய பிரஷ்ஷால் 10 முதல் 15 விழுக்காடு ஓட்டத்தில் (ஃப்ளோ) வெள்ளையைத் தீட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே தீற்றில் முடிக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற விளிம்பு விழுகிறது. அந்த விளிம்பு விழுந்த படம் திருத்தப்பட்டது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொள்வார்கள்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மனம் தளர வேண்டியதில்லை. முழுக்க வெளுத்து முட்டாத இடங்களில் ஒரு ஸ்டாப் வரையிலான தவறு பெரும்பாலும் திருந்தும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலெடுத்து, அந்த நகலை 16 பிட் முறைக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இழந்த படிகள் அதனால் திரும்ப வந்துவிடப் போவதில்லை. ஆனால் அடுத்தடுத்த திருத்தங்களில் புதிய முறிவுகள் சேராமல் தடுக்கலாம். இருண்ட படமானால் பின்னணி லேயரை நகலெடுத்து ஸ்கிரீன் முறையில் வையுங்கள்; வெளுத்த படமானால் மல்டிப்ளை முறை. அதிகமாகிவிட்டால் லேயரின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) குறைத்துக்கொள்ளலாம், போதாவிட்டால் இன்னொரு நகல். லெவல்ஸின் நடு முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துவதும் நல்ல வழி, ஏனெனில் கருப்பையும் வெள்ளையையும் அப்படியே நிறுத்திவிட்டு நடுப்பகுதியை மட்டும் அது உயர்த்துகிறது.

நிறத்தைக் காப்பாற்ற முடியாத நிலை வந்தால் கருப்பு வெள்ளைக்கு மாற்றுவதைப் பரிந்துரைக்கிறேன். ஊதாக் கறையும் நிறப் புள்ளிகளும் ஒரே நொடியில் மறைந்து, மிஞ்சும் துகள்கள் பழைய ஃபிலிமின் மணல்போலத் தோன்றும். மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பார்த்து, குறைவாகக் கெட்டிருப்பதை, பெரும்பாலும் பச்சையை, அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

பிரைட்னஸ் ஸ்லைடரும் எக்ஸ்போஷர் ஸ்லைடரும் ஒன்றா?

இல்லை. எக்ஸ்போஷர் எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் பெருக்குகிறது, கேமராவில் ஒளியைக் கூட்டியதைப் போல. பழைய மென்பொருள்களின் பிரைட்னஸ் எல்லா எண்களோடும் ஒரே அளவைக் கூட்டியது. அதனால் கருப்பும் சேர்ந்து எழும்பிப் படம் மூடுபனிக்குள் போனதுபோல் ஆகும்.

ஆட்டோ பொத்தானை அழுத்தினால் போதாதா?

தொடக்கப் புள்ளியாக அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. அந்தக் காட்சி இரவா பகலா என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. விளக்கொளியில் எடுத்த படத்தைப் பட்டப்பகலாக்கிவிட்டால் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பு.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

நாய்ஸை நீக்குவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லைட்ரூமில் 2023இல் சேர்க்கப்பட்ட டீநாய்ஸ் போன்ற கருவிகள், பழைய முறைகளால் மெழுகாகிப்போன தலைமுடியையும் துணி நெசவையும் காப்பாற்றிக்கொண்டே புள்ளிகளை அகற்றுகின்றன. உயர் ஐஎஸ்ஓவில் எடுத்துக் கிடப்பில் போட்ட படங்களை மீண்டும் எடுத்துப் பார்க்க இது போதிய காரணம். அளவை மட்டும் முழுமைக்குக் கொண்டுபோகாமல் பாதிக்கு அருகில் நிறுத்துங்கள்.

வெளுத்த இடத்தில் புதிய வானத்தை வைப்பதும், நெற்றியின் வெளுப்பில் புதிய தோலை உருவாக்குவதும் வேறு வகை வேலை. அங்கே வந்து நிற்பது மென்பொருள் கற்பனை செய்தது. விளம்பரப் படத்துக்கும் ஓவியத்தன்மையான படைப்புக்கும் அது பொருந்தலாம். செய்திப் படத்திலும் ஆவணப் படத்திலும் அதைச் செய்யக் கூடாது. குடும்பப் படங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மறைந்த ஒருவரின் முகத்தில் கருவி கூர்மையாக்கித் தரும் கண்கள் பல நேரங்களில் அவருடைய கண்களே அல்ல. நெருங்கிப் பழகியவர்கள் பார்த்தவுடன் உணர்ந்துவிடுவார்கள். மங்கலாக இருந்தாலும் அவர் முகமே இருக்கட்டும்.

கைபேசியில் எடுத்த படத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் இடம் குறைவு. கைபேசியின் சென்சார் சிறியது. அதைச் சரிக்கட்ட அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்துக் கலந்து, நிழல்களை ஏற்கெனவே ஓரளவு தூக்கித்தான் ஜேபெக்கைத் தருகிறது. மீண்டும் தூக்க மிச்சம் இருப்பது சொற்பம். உங்கள் கைபேசி டிஎன்ஜி வடிவில் ரா கோப்பைச் சேமிக்க அனுமதித்தால், ஒளி சிக்கலான இடங்களில் மட்டுமாவது அதை இயக்கி வையுங்கள்.

பல படங்களை இணைத்து மீட்பது எப்படி?

ஒரே காட்சியைக் கேமராவை அசைக்காமல் 2 ஸ்டாப் குறைவு, சரியளவு, 2 ஸ்டாப் கூடுதல் என்று மூன்றாக எடுத்திருந்தால், மென்பொருள் ஒவ்வொன்றிலும் நன்றாகப் பதிவான பகுதியை எடுத்து ஒன்றாக்கிவிடும். காற்றில் ஆடும் இலைகளும் நடப்பவர்களும் மட்டும் இரட்டையாகத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகம் பேர் அறியாத வழி இன்னொன்று உண்டு. இருட்டான காட்சியை ஒரே அளவில் பல முறை எடுத்திருந்தால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்திச் சராசரி எடுக்கலாம். நாய்ஸ் ஒழுங்கற்றது என்பதால் அது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 4 படங்களின் சராசரியில் நாய்ஸ் பாதியாகும், 16 படங்களில் கால்வாசியாகும். தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளிய படங்களில் நல்லது ஒன்றும் தேறவில்லை என்று நினைத்தவர்கள், அவற்றை அழிக்கும் முன் ஒருமுறை இதை முயன்று பாருங்கள்.

பழைய அச்சுப் படங்களும் நெகட்டிவ்களும் இருக்கின்றன. அவற்றில் ஒளித் தவறைத் திருத்த முடியுமா?

நெகட்டிவ் இருந்தால் அச்சை விட்டுவிட்டு நெகட்டிவையே ஸ்கேன் செய்யுங்கள். அச்சுத்தாளில் அடங்காத நுணுக்கங்கள் அதில் இருக்கும். நெகட்டிவ் ஃபிலிம் டிஜிட்டலுக்கு நேர்மாறானது: ஒளி மிகுந்தால் அது அடர்த்தியாகுமே ஒழிய எளிதில் அழியாது, ஒளி குறைந்தால்தான் நிழலில் எதுவும் பதியாமல் வெறும் கண்ணாடிபோல் ஆகிவிடும். எனவே கருத்துத் தடித்த நெகட்டிவைக் கண்டு அஞ்ச வேண்டாம். 16 பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை அணைத்துவிட்டு, கர்வ்ஸ் வேலையை மென்பொருளில் செய்யுங்கள். நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகவே படத்தைத் தரும் ஸ்லைடு ஃபிலிம் மட்டும் டிஜிட்டலைப் போலவே வெளுப்பை மன்னிக்காது.

திரையில் சரியாகத் தெரிந்த படம் அச்சில் இருட்டாக வருகிறதே?

படத்தை நம்பாமல் திரையின் பிரகாசத்தை நம்பித் திருத்தியதே காரணம். வாங்கியபடியே முழுப் பிரகாசத்தில் இருக்கும் திரையில் 1 ஸ்டாப் குறைந்த படமும் சரியாகவே தெரியும். அச்சுக்கான வேலையில் திரையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (பிரகாசத்தின் அலகு) அளவுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். அளவிடும் கருவி இல்லாதவர்கள், வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, அருகே பிடித்த வெள்ளைத் தாள் அதே வெண்மையாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறைக்கலாம். இருண்ட அறையில் உட்கார்ந்து திருத்தினாலும், ஜன்னல் ஒளி திரையில் விழ உட்கார்ந்து திருத்தினாலும் கண் ஏமாறும். திருத்தி முடித்ததும் உடனே சேமித்து அனுப்பிவிடாமல் ஒரு மணி நேரமாவது எழுந்து போய்விட்டு வந்து பாருங்கள்; நிழல்களை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டோம் என்று தெரிவது அநேகமாக அப்போதுதான்.

திருத்திய படத்தை எப்படிச் சேமிப்பது?

ரா கோப்பையும் மூல ஜேபெக்கையும் ஒருபோதும் அழிக்காதீர்கள். லேயர்களோடு ஒரு 16 பிட் டிஃப் அல்லது பிஎஸ்டி கோப்பு, பிறருக்கு அனுப்ப ஒரு ஜேபெக் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கையே திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஆண்டுக்கு ஆண்டு ரா மென்பொருள்கள் தேர்ச்சி பெற்றுவருவதால், இன்று 2 ஸ்டாப்போடு நிறுத்திக்கொண்ட ஒரு ரா கோப்பு சில ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது 3 ஸ்டாப் தரலாம். அந்த மூதாட்டியின் படத்தை நான் இதுவரை மூன்று முறை, வெவ்வேறு ஆண்டுகளில், மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கித் திருத்தியிருக்கிறேன். தாடைக்குக் கீழே இருந்த புள்ளிகள் மூன்றாவது முறைதான் முழுமையாக நீங்கின.